பறை ஒலிக்காத செவ்வாய்க்கிழமை: தாராவித் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பத்து மாதங்கள்

ஜூலை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பறை ஒலிக்கவில்லை.

தாராவியில் உள்ள மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளி ஒன்றின் ஆறாம் வகுப்பு. பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு 38 குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே மூன்று நாளாக விடாத மழை. அந்த ஆண்டு முழுவதும் வகுப்புக்கு வந்து பறை கற்றுக்கொடுத்த கலைஞர், இடது கையில் சிண்டுக்குச்சியையும் வலது கையில் அடிக்குச்சியையும் பிடித்துக்கொண்டு ஓங்கி ஓர் அடி அடித்தார். நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டினால் வரும் சத்தம்தான் வந்தது. குழந்தைகள் சிரித்துவிட்டார்கள். இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். பிறகு பறையை மடியில் கிடத்தி, தோலை உள்ளங்கையால் தடவியபடி, "இதற்கு என்ன ஆயிற்று?" என்று அவர்களிடமே கேட்டார்.

ஊரில் என்றால் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிவிடுவார்கள். பள்ளிக்குள் நெருப்பு கூடாது. மின்விசிறிக்குக் கீழே வைக்கலாம் என்றார்கள், துணியால் துடைக்கலாம் என்றார்கள், வெயில் வரும்வரை காத்திருக்கலாம் என்றார்கள். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "இஸ்திரிக் கடை" என்றான். பள்ளி வாசலுக்கு எதிரே கரி போட்ட பெட்டியால் துணி தேய்ப்பவர் ஒருவர் இருக்கிறார். வகுப்பாசிரியை நான்கு பேரை அழைத்துக்கொண்டு குடை பிடித்தபடி போனார். கடைக்காரர் முதலில் மறுத்தார். அந்தப் பையன் இந்தியில் பேசிச் சம்மதிக்க வைத்தான். பெட்டியைத் தோலின்மேல் வைக்காமல் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, பறையைச் சக்கரம்போல மெல்லத் திருப்பினார்கள். திருப்பத் திருப்ப ஒரு சிறுமி விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மந்தமாக இருந்த ஒலி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி, ஒரு கட்டத்தில் 'டண்' என்று தெறித்தது. கடைக்காரர் தாமும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பறையைத் திருப்பிக் கொடுத்தார்.

வகுப்புக்கு வந்ததும் கேள்விகள் கிளம்பின. மழை இதன்மேல் விழவே இல்லையே, தண்ணீர் எப்படி உள்ளே போயிற்று? சூடு பட்டால் இரும்பு விரியும் என்று படித்தோமே, தோல் மட்டும் ஏன் இறுகுகிறது? எங்கள் அப்பா தைக்கும் தோல் பை மழையில் தளர்வதில்லையே, அது ஏன்?

காற்றின் ஈரப்பதம் பற்றிய பாடம் அதற்கு முன்புதான் நடந்து முடிந்திருந்தது. அந்தப் பாடத்தின்போது ஒரு குழந்தைகூடக் கேள்வி கேட்கவில்லை என்று ஆசிரியை என்னிடம் சொன்னார். முதல் இரண்டு கேள்விகளுக்கு அவரே விளக்கம் கொடுத்தார். மூன்றாவதற்குக் கலைஞருக்கு விடை தெரியும். ஆனால் அவர் சொல்லவில்லை. "இதற்கான பதில் உங்களில் யார் வீட்டிலோ இருக்கிறது, கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்றார். ஆசிரியை அதை ஒரு சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டினார். நான்கு மாதம் அது அங்கேயே இருந்தது.

இடமும் மனிதர்களும்

2018 ஜூனில் தொடங்கி 2019 ஏப்ரலில் முடிந்த அந்தக் கல்வியாண்டு முழுவதும், கலைஞர் வந்த நாள்களில் எல்லாம் நான் அந்த வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். அவருக்கு ஊதியம் திரட்டிக் கொடுத்த சிறு நண்பர் குழுவில் நானும் ஒருத்தி. ஆகவே இதை வெளியாள் எழுதிய மதிப்பீடாகக் கொள்ள வேண்டாம். கூடவே இருந்து, ஆசைப்பட்டு, சில இடங்களில் தவறும் செய்த ஒருத்தியின் பதிவு இது.

தாராவித் தமிழர்களின் கதை தோலோடு தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் இங்கே தோல் பதனிடும் கிடங்குகளில் வேலை பார்த்தார்கள். கிடங்குகள் பெரும்பாலும் போய்விட்டன. பை, பெல்ட், பர்ஸ் தைக்கும் பட்டறைகள் இருக்கின்றன. இந்த வகுப்பில் பலருடைய தாத்தாக்கள் கிடங்கில் இருந்தவர்கள்; அப்பாக்கள் பட்டறையில் இருப்பவர்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது, தமிழ் அவற்றுள் ஒன்று. ஆனால் தமிழ்வழிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். வசதி சற்றுக் கூடியதும் ஆங்கிலவழிக்கு மாற்றிவிடுகிறார்கள். எஞ்சியிருப்பவர்கள், தாங்கள் ஏதோ ஒன்றில் பின்தங்கிவிட்டோம் என்ற நினைப்போடுதான் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. ஜூனில் அவர்களிடம் "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எழுதுங்கள்" என்றபோது பாதிப் பேர் தாளை வெறுமையாகக் கொடுத்தார்கள்.

கலைஞரைச் சென்னையிலிருந்து அழைத்து வரலாம் என்றுதான் முதலில் யோசித்தோம். பிறகுதான் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளியே ஒருவர் இருப்பது தெரிந்தது. நாற்பதைக் கடந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பகலில் பை தைக்கும் பட்டறை. கோயில் கொடை, கல்யாண ஊர்வலம், இறப்பு வீடு என்று எங்கே அழைத்தாலும் பறை. குழந்தைகள் அவரை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். முதல் நாள் அவர் வகுப்பு வாசலில் வந்து நின்றதும் ஒரு பெண் குழந்தை, "எங்கள் ஆச்சி செத்தபோது வந்தவர்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அது அவர் காதிலும் விழுந்தது. "ஆமாம் தாயி, உங்கள் ஆச்சிக்கு நான்தான் அடித்தேன்" என்றார். அன்று முதல் அவரை 'வாத்தியார்' என்று கூப்பிட்டார்கள். பறைக் குழுக்களில் கற்றுக்கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவது வழக்கம்.

ஏற்பாடு எளியது. செவ்வாயும் வெள்ளியும், ஒவ்வொரு நாளும் அடுத்தடுத்த இரண்டு பாடவேளை. வகுப்பாசிரியை வகுப்பை விட்டு வெளியே போகக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் நாங்கள் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. கலைஞர் வந்ததும் ஆசிரியர் ஓய்வறைக்குப் போய்விட்டால், அந்த நேரம் பொழுதுபோக்காகிவிடும். கலைஞர் போனதும் எல்லாம் அவரோடு போய்விடும். ஆறு பறைகள் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்து சேர்ந்தன. மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் தோல் ஒட்டியவை. நட்டு வைத்து முறுக்கும் பிளாஸ்டிக் தோல் பறைகள் மழைக்குத் தோதாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார். வாத்தியார் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்டிருந்தால் இஸ்திரிக் கடைக்குப் போகும் வேலையே இருந்திருக்காது.

"இந்த மேளத்தை விட்டுத்தான் வந்தோம்"

ஜூலை இறுதியில் பெற்றோர் கூட்டம். இந்த ஆய்வில் மிகக் கடினமான பகுதி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு தாய் எழுந்து நின்றார். குரலில் கோபத்தைவிட வலிதான் அதிகம். "இந்த மேளத்தை விட்டு ஓடித்தான் எங்கள் மாமனார் பம்பாய்க்கு ரயில் ஏறினார். ஊரில் யார் செத்தாலும் கூப்பிட்டு அனுப்புவார்கள், போகாவிட்டால் அடி விழும். அதைத் திரும்பவும் கொண்டுவந்து என் பிள்ளை தோளில் மாட்டுகிறீர்களே, உங்களுக்கு நியாயமா?" என்று கேட்டார்.

எங்கள் குழுவில் யாருக்கும் வாய் வரவில்லை. பறையின் பெருமை பற்றி மேடைகளில் பேசப்படும் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. தலைமை ஆசிரியர் கூட்டத்தை முடிக்கப் பார்த்தார். அப்போது வாத்தியார் எழுந்தார்.

"அக்கா சொல்வது சரி. என் மகனுக்கு நானே இதைக் கற்றுக்கொடுக்கவில்லை" என்றார். கூட்டம் அமைதியானது. "இங்கே எல்லாப் பிள்ளைகளும் அடிப்பார்கள் என்றால் கற்றுக்கொடுக்கிறேன். உங்கள் பிள்ளை மட்டும்தான் அடிக்க வேண்டும் என்றால், நாளைக்கே நின்றுவிடுகிறேன்."

அதன் பிறகுதான் நாங்கள் எழுதாமல் விட்டிருந்த விதி எழுதப்பட்டது. வகுப்பில் இருக்கும் எல்லாக் குழந்தைகளும் எல்லாப் பறைகளையும் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எடுப்பார்கள். கணக்குப் பாடத்திலிருந்து விலக்கு இல்லாததுபோல இதிலிருந்தும் விலக்கு இல்லை. இதை இப்படி அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. வேறு இரண்டு வீடுகளிலிருந்து, 'எங்கள் பிள்ளை அதைத் தொட வேண்டாம்' என்று கடிதம் வந்தது. அந்தத் தாயின் மறுப்புக்கும் இந்த மறுப்புக்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் புரிந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் விலக்குக் கொடுத்தால், கேட்கத் துணிவில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் பறையோடு மிஞ்சுவார்கள் என்றார் வகுப்பாசிரியை. அவர் சொன்னதுதான் நின்றது. ஒரு வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள். இன்னொரு வீட்டார் தீபாவளி விடுமுறையோடு பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

கலைஞரைப் பள்ளிக்குள் அழைப்பது என்றாலே நாம் மகிழ்ச்சியையும் நிறங்களையும் நினைக்கிறோம். நம் மண்ணில் ஒவ்வொரு கலையும் யாரோ ஒருவர் தலையில் சுமத்தப்பட்டுத்தான் வந்திருக்கிறது. அந்தச் சுமையையும் சேர்த்தே அது வகுப்புக்குள் வரும். அதைச் சந்திக்க ஆயத்தமில்லாத பள்ளி கலைஞரை அழைக்காமல் இருப்பதே நல்லது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் ஆசிரியை தமிழ்ப் பாடத்தில் ஒன்று செய்தார். தொல்காப்பியம் நிலத்துக்குரிய கருப்பொருள்களின் வரிசையில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி என்று ஐந்தையும் கரும்பலகையில் எழுதினார். வழக்கமாக அத்தோடு பெருமைப் பேச்சு தொடங்கிவிடும். அதற்குள் ஒரு சிறுமி கையைத் தூக்கி, "டீச்சர், தாராவி எந்த நிலம்?" என்று கேட்டாள்.

அந்தப் பாடவேளை முழுவதும் அதற்கே போயிற்று. மலை இல்லை, வயல் இல்லை. மித்தி ஆறு இருக்கிறதே என்றான் ஒருவன். அதில் என்ன விளைகிறது என்று மற்றவர்கள் மடக்கினார்கள். பிறகு ஒருவனுக்குக் கோளிவாடா நினைவுக்கு வந்தது. தாராவியே முதலில் கோளி மீனவர்களின் ஊர்தான். மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பு நிலம். அலையாத்திச் செடிகள் இன்றும் நிற்கின்றன. நெய்தல் என்று முடிவாயிற்று. தம் ஊருக்கு ஒரு திணை உண்டு என்பது அந்தக் குழந்தைகளுக்குக் கிடைத்த செய்தி. எனக்கும்தான்.

நான்கும் ஆறும் எங்கே சந்திக்கும்

ஆகஸ்டில் மீச்சிறு பொது மடங்கு. வகுப்பில் பலருக்கு வகுத்தல் முறை மனப்பாடம்; எதற்காகச் செய்கிறோம் என்பது தெரியாது. வாத்தியாருக்கு அந்தச் சொல்லே தெரியாது. ஆசிரியை விளக்கியதும், "இது சேரும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதானே" என்றார்.

வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழு இரண்டுக்கு ஒரு முறை, மறு குழு மூன்றுக்கு ஒரு முறை அடிக்க வேண்டும். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவார்கள். ஆறில் இரு குழுவின் அடியும் ஒன்றாக விழுந்தது, பன்னிரண்டில் மறுபடியும். பிறகு நான்கும் ஆறும். அடிப்பதற்கு முன் ஊகம் சொல்லச் சொன்னார் ஆசிரியை. கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய பையன் உடனே 24 என்றான், நாலாறு இருபத்துநாலு. பெரும்பாலோர் அவன் பக்கம். அடித்தார்கள். பன்னிரண்டிலேயே இரண்டும் சேர்ந்து விழுந்தன. அவன் நம்பவில்லை, தப்பாக எண்ணிவிட்டார்கள் என்று மறுபடி அடிக்கச் சொன்னான். மறுபடியும் பன்னிரண்டு. அவன் முகத்தில் தோல்வி தெரியவில்லை, குழப்பம்தான் தெரிந்தது. நோட்டை எடுத்து நான்கின் மடங்குகளையும் ஆறின் மடங்குகளையும் எழுதத் தொடங்கினான். பெருக்கினால் வருவது ஒரு சந்திப்புத்தான், முதல் சந்திப்பாக இருக்க வேண்டியதில்லை என்பதை அவனாகவே கண்டுபிடித்து, பக்கத்தில் இருந்தவனுக்குச் சொன்னான்.

அன்று என் குறிப்பேட்டில் நான் அடிக்கோடிட்டது இன்னொன்று. அந்த வகுப்பில் ஒரு சிறுமி. முந்தைய ஆண்டுதான் தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்பதோடு சரி. அவள் எழுந்து, "அஞ்சும் ஏழும் அடிக்கலாமா?" என்று கேட்டாள். அடித்தார்கள். இருபதைத் தாண்டியதும் எண்ணிக்கை தவறியது. மூன்று முறை தவறியது. அவளே பையிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்து, ஐந்துக்கு ஒரு வரிசை, ஏழுக்கு ஒரு வரிசை என்று தரையில் அடுக்கினாள். முப்பத்தைந்தில் இரண்டு வரிசையும் ஒரே நீளமாயின. அவளுக்குக் கணக்கு வரும் என்பது ஆசிரியைக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "ஒரு வருடமாக இவள் என் வகுப்பில் இருக்கிறாள்" என்று அவர் என்னிடம் சொன்னபோது கண் கலங்கியிருந்தது.

கலைஞர் வந்ததால் குழந்தைகள் மாறினார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். நான் பார்த்தவரை, முதலில் மாறியது ஆசிரியையின் பார்வை. இன்னொருவர் பாடம் நடத்தும்போது தம் குழந்தைகளை ஓரமாக உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு நம் ஆசிரியர்களுக்குக் கிடைப்பதே இல்லை. வாரத்துக்கு நான்கு பாடவேளை அவருக்கு அது கிடைத்தது.

மராத்தி ஆசிரியர் கதை எதிர்பாராதது. பறைச் சத்தத்தால் தம் வகுப்பு கெடுகிறது என்று புகார் சொல்லத்தான் அவர் முதலில் வந்தார். வந்தவர் பறையைக் கையில் வாங்கிப் பார்த்து, "இது எங்கள் ஹல்கி" என்றார். மராட்டியக் கிராமங்களில் அடிக்கும் ஹல்கியும் தோல் போர்த்திய சட்டப்பறைதான். அதையும் நெருப்பில் காய்ச்சுவார்கள். அங்கும் அது ஒடுக்கப்பட்ட சாதியார் கையில் இருந்த கருவி. பிள்ளையார் ஊர்வலங்களுக்கு முந்தைய வாரங்களில் சலங்கைபோல ஒலிக்கும் கருவியைக் கையில் பிடித்து ஆடும் மராட்டிய ஆட்டமான லெஜிமின் அடவுகளை அவர் கற்றுக்கொடுத்தார், வாத்தியார் அதற்கு அடித்தார். மராத்தி வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் அடவுக்கு மராத்தியில் எண்ணத் தொடங்கினார்கள். சத்தத்துக்கு வழி, மழை இல்லாத நாள்களில் மொட்டை மாடி.

தாத்தாவின் பதில்

தீபாவளி விடுமுறைக்கு ஆசிரியை கொடுத்த வேலை: வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அவர் பார்த்த வேலையைப் பற்றிக் கேட்டு எழுதி வருவது. ஜூனில் வெறும் தாளைக் கொடுத்தவர்களில் ஒருவன், நவம்பரில் நான்கு பக்கம் எழுதி வந்தான். தோல் கிடங்கில் இருந்த தாத்தாவைப் பற்றியது. உப்புப் போட்ட தோல் வந்து இறங்குவது, சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிரை வழிப்பது, ஆவாரம்பட்டைச் சாற்றில் போடுவது, சுண்ணாம்பு தின்றுவிட்ட தாத்தாவின் நகங்கள். மூன்றாம் பக்கத்தின் நடுவில் இந்த வரிகள் இருந்தன: 'பறைத் தோல் பச்சைத் தோல். அது பட்டைச் சாறு குடிக்கவில்லை. அதனால் தண்ணீர் குடிக்கும். பைத் தோல் பட்டைச் சாறு குடித்துவிட்டது. அதனால் தண்ணீர் குடிக்காது என்று தாத்தா சொன்னார்.'

பதனிட்ட தோலுக்கும் பதனிடாத தோலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்துகொள்கிறது. அதன் பிறகு ஈரம் அதை எளிதில் ஊதவைக்க முடியாது. ஆசிரியை சுவரில் இருந்த சார்ட்டை எடுத்து, அந்த வரிகளை அதிலேயே எழுத வைத்தார். கீழே தாத்தாவின் பெயரையும் எழுதச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை தாத்தா பள்ளிக்கு வந்து, கட்டைவிரலால் தோலின் பதத்தைப் பார்ப்பது எப்படி என்று காட்டிவிட்டுப் போனார்.

பொதுவாக, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு 'வீட்டில் படிப்புச் சூழல் இல்லை' என்று சொல்லிவிடுகிறோம். அந்த வீட்டில் வேதியியல் இருந்தது. அதைக் கேட்பதற்கான கேள்விதான் பள்ளியில் இல்லாமல் இருந்தது. கேள்வியைக் கொண்டுவந்து வைத்தது அந்தப் பறை.

நாங்கள் தோற்ற இடம்

டிசம்பரில் ஆண்டு விழா. எட்டு நிமிட நிகழ்ச்சி வேண்டும், அதிகாரிகள் வருகிறார்கள் என்றார் தலைமை ஆசிரியர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளியை யாராவது திரும்பிப் பார்ப்பது அந்த ஒரு நாள்தான். நவம்பர் நடுவிலிருந்து வகுப்பு ஒத்திகையாக மாறியது. நன்றாக அடிக்கும் 12 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள், மற்றவர்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். எல்லோரும் எல்லாப் பறையும் என்று ஜூலையில் எழுதிய விதியை நாங்களே உடைத்தோம். வாத்தியாருக்கும் தம் மாணவர்கள் மேடையில் மின்ன வேண்டும் என்ற ஆசை. எனக்கும் இருந்தது. நிகழ்ச்சி அருமையாக நடந்தது, கைதட்டல் நிற்கவில்லை. புளியங்கொட்டை அடுக்கிய சிறுமி அந்த ஐந்து வாரமும் சுவரோரத்தில் இருந்தாள். ஜனவரியில் பறையை அவள் கையில் கொடுத்தபோது, "நான் பார்க்கிறேன், அவர்கள் அடிக்கட்டும்" என்றாள். மறுபடி அவள் எடுப்பதற்கு மார்ச் ஆயிற்று.

படைப்புக் கல்வியை மேடையால் அளக்கும் பழக்கம் நம் பள்ளிகளில் வேரோடிப் போயிருக்கிறது. அடுத்த முறை யாராவது இதைச் செய்தால், ஆண்டு விழாவுக்கு இந்த வகுப்பைக் கேட்கக் கூடாது என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கூடியதா

எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். ஒரே பிரிவு, ஒப்பிட இன்னொரு வகுப்பு இல்லை. ஆகவே கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். செவ்வாய், வெள்ளிகளில் வராமல் இருப்பவர்கள் குறைந்தார்கள் என்பது வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். கட்டுரைகள் நீண்டன. வகுப்பில் கேள்வி கேட்பவர்கள் பெருகினார்கள்.

உலகில் நடந்த ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. அமெரிக்காவின் ஹூஸ்டனில் 42 பள்ளிகள், 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளுக்குக் கலைஞர்களையும் கலை அமைப்புகளையும் அனுப்பினார்கள். 2019-இல் வெளிவந்த முடிவின்படி ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளான மாணவர்களின் விழுக்காடு 3.6 புள்ளி குறைந்தது. எழுத்துத் தேர்வில் முன்னேற்றம் இருந்தது. பிறர் துன்பத்தை எண்ணிப் பார்க்கும் குணம் சற்றுக் கூடியது. இன்னொரு பக்கம், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2013-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, நாடகம் மொழித்திறனை வளர்க்கிறது என்பதற்கு நல்ல சான்று இருப்பதாகச் சொன்னதோடு, மற்றப் பல உரிமைகோரல்களுக்குச் சான்று போதாது என்றும் வெளிப்படையாகச் சொன்னது. கலையைக் கலைக்காகவே கற்பிக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. கணக்கு மதிப்பெண்ணைக் காட்டிக் கலைக்கு இடம் கேட்பவர்கள், மதிப்பெண் கூடாத ஆண்டில் அந்த இடத்தை இழந்துவிடுவார்கள். ஆகையால் அந்த வழியில் வாதாட எனக்கு விருப்பமில்லை.

நமக்கும் இது புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில், பெரியவர்களுக்கு எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டில் வீடு வீடாகப் போனபோது, முன்னால் போனவர்கள் பாட்டும் நாடகமும் கொண்டுபோன கலைக்குழுக்கள்தான். புதுக்கோட்டையில் எழுத்தோடு சைக்கிளும் கற்ற பெண்கள் அந்தப் பாட்டுகளை இன்றும் பாடுவார்கள்.

சம்பளம் எந்தக் கணக்கில்

வாத்தியார் பள்ளிக்கு வந்த ஒவ்வொரு நாளும் பட்டறையில் அரை நாள் கூலி போயிற்று. அந்தக் கூலியையும் அதற்கு மேல் ஒரு தொகையையும் எங்கள் குழு கொடுத்தது. பள்ளியின் கணக்கில் அவருக்குப் பணம் கொடுக்க ஒரு தலைப்பே கிடையாது. பொன்னாடை வாங்க இருந்தது.

சட்டத்தில் இடம் இல்லாமலில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் 100 பேருக்கு மேல் சேர்ந்துள்ள பள்ளிக்குக் கலைக் கல்விக்கெனப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு பள்ளியோ பள்ளித் தொகுதியோ தங்கிப் பணிபுரியும் கலைஞரைக் கொண்டிருக்க முயல வேண்டும் என்கிறது. வட்டாரக் கலைகளில் தேர்ந்தவர்களைப் பயிற்றுநர்களாக அமர்த்தலாம் என்றும் சொல்கிறது. ஆனால் பணியமர்த்தும் மேசையில் கேட்கப்படுவது சான்றிதழ். இருபது வகை அடிகளைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடம் எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ்தான் இருக்கிறது.

இத்தாலியின் ரெஜியோ எமிலியா நகராட்சி தன் மழலையர் பள்ளிகளில் 1960-களிலிருந்தே கலைப் பின்னணி உள்ள ஒருவரை ஆசிரியர்களோடு நிலையாக வைத்திருக்கிறது. அவருக்கென்று ஓர் அறை, ஒரு பதவி, ஒரு சம்பளம். அதுவும் ஒரு நகராட்சிதான். இங்கிலாந்தில் 2002-இல் தொடங்கிய படைப்புக் கூட்டாண்மைத் திட்டம் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குக் கலைஞர்களை அனுப்பியது. நிதி நிறுத்தப்பட்டதும் 2011-இல் முடிந்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, சம்பளம் பள்ளியின் சொந்தக் கணக்கில் இருந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்பதுதான். எங்களுடையது இரண்டாவது வகை. ஏப்ரலில் பணம் தீர்ந்தது, வாத்தியார் நின்றார். பறைகள் பிளாஸ்டிக் உறையில் பீரோ மேல் ஏறின.

கடைசி வேலை நாளில் ஆசிரியை குழந்தைகளிடம், அடுத்த ஆண்டு யாரை அழைக்கலாம் என்று கேட்டு, சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினார். கும்பர்வாடாவில் சக்கரம் சுற்றிப் பானை செய்பவர். கடைகளுக்குப் போர்டு எழுதும் மாமா. தாலாட்டு, ஒப்பாரி இரண்டும் பாடத் தெரிந்த ஓர் ஆச்சி. ஐந்து மணிக்கே இட்லி அவித்துத் தூக்குகளில் கொடுத்தனுப்பும் ஒரு சித்தி. ஒரு படி அரிசிக்கு எத்தனை இட்லி என்று அவருக்குத் தெரியுமாம். பறை வாத்தியார், மறுபடியும். ஜூலையில் கூட்டத்தில் எழுந்து கேட்ட தாயின் மகன், வாத்தியாரின் மகனையும் கூட்டிவரலாம் என்றான். அவன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடம் கற்றுக்கொள்கிறானாம்.

தலைமை ஆசிரியர் வந்து பட்டியலை நின்று படித்தார். நல்ல பட்டியல் என்றார். பிறகு ஆசிரியையைத் தனியே அழைத்து, இவர்களுக்கெல்லாம் எந்தத் தலைப்பில் பணம் எழுதுவது என்று கேட்டார். ஆசிரியை கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை நகலெடுத்து, அந்த வரியை மஞ்சள் மையால் கோடிட்டு, ஒரு மனுவோடு அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தார்.